‘டி’ சொல்லாமல் போன மனிதர்

எங்கள் ஊர் அபோதோமில் ஒரு ஆள் மரியாதையாகச் சாக வேண்டுமென்றால், மலைச் சபையின் தலைமையகத்தில் குழு எதுவும் கூடாத வாரமாகப் பார்த்துச் சாக வேண்டும். ஒபிரிக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டே பாதி வாக்கியத்தில் போய்ச் சேர்ந்தார்.

பாதி வாக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். வந்த வினை முழுக்க அதில்தான் இருக்கிறது. எங்கள் பாஷையில் ‘நம்புகிறேன்’ என்பதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. ‘ஜே’ என்று ஒன்று, ‘டி’ என்று ஒன்று. ஜே என்றால் வாங்கிக்கொள்வது. டி என்றால் சாப்பிடுவது. எதை நம்புகிறோமோ அதை இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். கடவுளை நம்புகிறேன் என்றால், கடவுளை வாங்கிக்கொண்டேன், சாப்பிட்டேன். பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு என்பதால் இதில் யாருக்கும் சிரிப்பும் வருவதில்லை, பசியும் வருவதில்லை. மலைச் சபையில் நூற்றெழுபது வருஷமாக வழக்கம் இதுதான்: முன்னால் நிற்கிறவர் ‘ஜே’ என்று எடுத்துக்கொடுப்பார். வானத்தையும் பூமியையும் படைத்தவரில் தொடங்கி நித்திய ஜீவன் வரைக்கும் சபை அடுக்கிக்கொண்டே போகும். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே குரலில் ‘டி’ என்று முடிப்பார்கள். அதற்குப் பிறகு இருமுகிறவர்கள் இருமலாம்.

ஒபிரி ஆலயத்தில் மணியடிக்கிறவர். இருபத்தாறு வருஷமாக அந்த ‘ஜே’யை எடுத்துக்கொடுத்ததும் அவர்தான். போதகர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். குரல் அவருடையதாகவே இருந்தது. அன்றைக்கு நல்ல மழை. ‘உடலின் உயிர்த்தெழுதலையும்’ என்று சொன்னவர் பீடத்தின் படியில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். மனைவி அடோபியா பெண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்து, காதோடு காதாக, “கயிறு நனையுது” என்றார். மணிக்கூண்டில் ஓடு உடைந்திருந்தது. மழை இறங்கினால் மணிக்கயிறு இற்றுப்போகும் என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அதோடு மூச்சு நின்றுவிட்டது. சபை கத்தியது, ஓடியது, துணியால் விசிறியது. ‘டி’ சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் காதில் சொன்ன அந்த இரண்டு சொல்லையும் அடோபியா வெளியில் விடவில்லை. நாற்பது வருஷம் ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்தி, கடைசியில் தனக்கு மட்டும் என்று கிடைத்தது அது. ஊருக்கு எதற்கு?

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சபையின் கல்லறைத் தோட்டத்தில், காய்ச்சலில் போன மகள் அமோவாவின் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டுவைத்திருந்தார்கள். அதில் ஒன்றில் ஒபிரியைப் படுக்க வைக்க வேண்டும். காலம் வரும்போது மற்றதில் தானும் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். உடம்பைக் கீழே மாவட்ட ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அடக்கத்துக்கு நாள் கேட்கப் போதகர் பம்போவின் வீட்டுக்குப் போனாள். கூடவே ஒபிரியின் தங்கை செச்சிவாவும் போனாள். செச்சிவா வாயைத் திறந்தால் சந்தையே ஒதுங்கி வழிவிடும்.

பம்போ நல்ல மனிதர். நல்லவர் என்று எல்லோரும் சொல்வதே அவரால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதற்காகத்தான். அன்று காலைதான் வந்த சுற்றறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் படிக்காமல் இருந்துவிட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் படித்தார். நவீன மனிதனின் மனச்சாட்சிக்கு இணங்கச் சபையின் விசுவாசப் பிரமாணம் மறுசிந்தனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே மறு அறிவிப்பு வரும்வரை அதைச் சொல்வதும், பிறரைச் சொல்லத் தூண்டுவதும், சொல்வதுபோல் உதட்டை அசைப்பதும் நிறுத்திவைக்கப்படுகிறது. கீழே முத்திரை. மேலே தேதி, போன வெள்ளிக்கிழமை.

“வெள்ளிக்கிழமைன்னா?” என்று கேட்டாள் செச்சிவா.

“அதாம்மா சங்கடம். அண்ணன் ஞாயித்துக்கிழமை சொன்னது, நிறுத்தி வச்ச பிரமாணம். அதையும் முழுசா முடிக்கல. வியாழக்கிழமையே போயிருந்தார்னா ஒரு தொந்தரவும் இல்ல.”

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா ஐயா, வியாழக்கிழமைக்கு ஏற்பாடு பண்ணியிருப்போமே” என்றாள் செச்சிவா. அடோபியா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு, பிரமாணம் எப்படியோ போகட்டும், அடக்கம் என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். பம்போ ஜெபப் புத்தகத்தைத் திறந்து அடக்க ஆராதனைப் பக்கத்தைக் காட்டினார். உடலின் உயிர்த்தெழுதலை உறுதியாய் நம்பி இந்தச் சரீரத்தை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம் என்று அதில் இருந்தது. உடலின் உயிர்த்தெழுதல் இப்போது நாலாவது துணைக்குழுவிடம் இருக்கிறதாம். அவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை தன்னால் யாரையும் எதையும் நம்பி மண்ணுக்கு ஒப்புக்கொடுக்க முடியாது என்றார்.

அந்த வாரமே ஒரு வெள்ளை வண்டி வந்தது. பிரமாணத்தை மறுசிந்தனை செய்யத் தலைமையகம் போட்ட ஆணையத்தின் செயலாளர் லார்டே இறங்கினார். மெலிந்த ஆள், மெதுவான குரல், யாரோடு பேசினாலும் அவர்கள் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். வீடு வீடாகப் போய்ப் பழைய பிரமாணப் புத்தகங்களை வாங்கிக்கொண்டார். அழிப்பதற்கில்லை, பாதுகாப்புக்காக என்று ரசீது கொடுத்தார். எல்லாவற்றையும் ஆலயத்தின் பின்னறையில் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எதிலிருந்து பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருந்ததையும் அவர் குறித்துக்கொண்டார்.

அடோபியா மலைமேல் இருந்த தியான இல்லத்துக்கு ஏறிப் போனாள். ஆணையம் அங்கேதான் உட்கார்ந்து மறுசிந்தனை செய்துகொண்டிருந்தது. கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி சுற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்குப் போனவளை மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேஜை, பதினான்கு பேர், ஆளுக்கொரு கிண்ணத்தில் கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபுவும் புல்லெலிக் கறிச் சூப்பும். விசுவாசம் நின்றுபோன அந்த நாட்களிலும் வாங்குவதும் சாப்பிடுவதும் அங்கே ஒரு குறையுமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. தலைமை இடத்தில் அருள்திரு முனைவர் அம்பொன்சா. மூன்று கண்டங்களில் படித்தவர், மூன்றிலும் எதை நம்ப வேண்டியதில்லை என்று படித்தவர். அவர் கையைக் கழுவிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார்.

“அம்மா, நாங்க விசுவாசத்த ரத்து பண்ணிட்டதா வெளியில பேசுறாங்க. அது தப்பு. அதுக்கு ஓய்வு குடுத்திருக்கோம். நூத்தெழுவது வருஷமா ஒரு நாள் லீவு இல்லாம உழைச்சிருக்கு பாருங்க. நம்ம முன்னோர்கள் பாவம் எதைச் சொன்னாலும் நம்பிட்டாங்க. நாங்க அப்படி இல்ல. நாங்க பதினாலு பேரு, பதினாலு கருத்து. அதுல எதுவும் யாரையும் புண்படுத்தாத மாதிரி ஒண்ணு கண்டுபிடிக்கணும்னா காலம் எடுக்கும்மா. ஒரு தடவை கண்டுபிடிச்சுட்டோம். அப்புறம் பார்த்தா அது வெத்துத் தாள்.”

அடோபியா தலையாட்டினாள். வேறு என்ன செய்ய? பிறகு தன் புருஷன் பிணவறையில் கிடப்பதைச் சொன்னாள். முனைவர் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. அவர் வருத்தப்படுவதில் கெட்டிக்காரர். லார்டேயிடம் இடைக்கால விதிகளை வாங்கி, ஒன்பதாவதைப் படித்துக் காட்டினார். பழைய பிரமாணத்தைக் கடைசிச் சொல் வரை சொல்லி முடித்து இறந்தவர்களைப் பழைய கல்லறைத் தோட்டத்தில், ஆராதனை எதுவும் இல்லாமல், குடும்பத்தார் புதைத்துக்கொள்ளலாம். அதாவது ஒபிரி ‘டி’ சொல்லியிருந்தால் இன்றைக்கே தூக்கிக்கொண்டு போகலாம். சொன்னாரா இல்லையா என்பதை ஆணையம் நேரில் வந்து, பாரபட்சமில்லாத சாட்சிகளை வைத்து விசாரிக்கும். மனைவி பாரபட்சமில்லாத சாட்சி ஆக மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும் என்றார்.

இறங்கி வரும் வழியில் செச்சிவா பிடித்துக்கொண்டாள். “அண்ணி, சொன்னாருன்னு அடிச்சுச் சொல்லிடு. அவரு தலை உன் மடியிலதான கெடந்துச்சு? காதுல சொன்னாருன்னு சொல்லு. யாரு வந்து இல்லைங்கப் போறா?”

“அவரு காதுல சொன்னது வேற.”

“என்ன சொன்னாரு?”

“அது எங்கிட்ட சொன்னது” என்றாள் அடோபியா. பொய் சொல்லக் கூடாது என்பதற்காக இல்லை. சந்தையில் கென்கே என்கிற சோள உருண்டை விற்கிறவள், தேவையான பொய்யெல்லாம் அவளுக்கும் தெரியும். அவர் கடைசியாகச் சொன்னது ‘டி’ என்று ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால், பிறகு அந்த இன்னொன்று எங்கே போகும்?

மாதங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரமாணம் வர வேண்டிய இடத்தில் இரண்டு நிமிஷ மௌனம் வைத்தார்கள். ‘நம்பிக்கை இடைவெளி’ என்று அதற்குப் பெயர். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். லார்டே நோட்டுப் புத்தகத்தோடு பீடத்தின் படியில் நின்று, வரிசை வரிசையாக உதடுகளைப் பார்ப்பார். நூற்றெழுபது வருஷப் பழக்கம் வாயை விட்டுப் போகுமா? முதல் வாரம் பதினொரு பேர் பெயர் ஏறியது. தச்சர் ஒருவர் பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவியதற்கு மூன்று தடவை விளக்கம் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் சனங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கடுத்த வாரம் தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்கள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு வந்த தகப்பனிடம், நீ நம்புகிறாயா என்று கேட்க முடியாது அல்லவா? எந்த நிலையில் இருக்கிறாய் என்று கேட்கச் சொல்லி உத்தரவு வந்தது. “ஆலோசனையில் இருக்கிறேன்” என்பது சரியான பதில். அது பழகிப்போய், ஒரு கல்யாணத்தில் இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறாயா என்று கேட்டதற்கும் மாப்பிள்ளை ஆலோசனையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். பெண் வீட்டார் அடிக்கப் போனார்கள். அன்றைக்குச் சிரித்ததுதான் ஊர் கடைசியாகச் சிரித்தது.

ஏனென்றால் சாவு எந்த ஆணையத்துக்காகவும் காத்திருப்பதில்லை. ஒபிரிக்குப் பிறகு தையற்காரி ஒருத்தி போனாள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போனார், மழைக்காலத்தில் இன்னும் நாலு பேர். மண்ணுக்கு ஒப்புக்கொடுக்க ஆளில்லாமல் எல்லோரும் கீழே பிணவறைக்கே போய்ச் சேர்ந்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் பயத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். தும்மல் வந்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று ‘டி’ என்று முணுமுணுத்துக்கொண்டார்கள், ஒருவேளை இதுதான் கடைசியாக இருந்தால் என்று. வெள்ளை வண்டி தெருவில் போகும்போது அதையும் விழுங்கினார்கள்.

ஏழாவது மாதம் ஆணையம் அபோதோமுக்கு வந்தது. ஆலயத்தின் நடுவில் மேஜை போட்டு, ‘ஒபிரி விவகாரம்’ என்று எழுதிய கோப்பைத் திறந்தார்கள். சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: விழும்போது அவர் வாய் எப்படி இருந்தது? பம்போவின் முறை வந்தது. அவர் பாவம், சபையையும் பகைத்துக்கொள்ளக் கூடாது, ஆணையத்தையும் பகைத்துக்கொள்ளக் கூடாது. வாய் திறந்திருந்தது என்றார். எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு விரலால் காட்டினார். லார்டே அளவுகோல் வைத்து அந்த இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டார்.

முனைவர் அம்பொன்சா எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். ‘டி’ சொல்லும்போது நாக்கு மேலே ஒட்ட வேண்டும், பல் கிட்டத்தட்ட மூடியிருக்க வேண்டும். இரண்டு விரல் இடைவெளியில் ‘டி’ வராது. ஆனால் ‘டி’ சொல்லி முடித்த பிறகு வாய் திறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. “நாங்க அவசரப்பட்டு ஒரு மனுஷனோட விசுவாசத்தத் தீர்மானிக்க மாட்டோம். அதுக்குத்தான நாங்க இருக்கோம், எதையும் தீர்மானிக்காம இருக்கறதுக்கு” என்றார். பிறகு மூன்று பேர் கொண்ட துணைக்குழு வண்டியில் ஏறிப் பிணவறைக்குப் போனது. அடோபியாவும் ஓடிப்போய் ஏறப் பார்த்தாள். குடும்பத்தாருக்கு அனுமதியில்லை என்று லார்டே கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் அறிக்கை வந்தது. இறந்தவரின் தாடை துணியால் கட்டப்பட்டிருப்பதால் வாயின் நிலையிலிருந்து எதுவும் தெரியவில்லை, துணியை அவிழ்த்துப் பார்த்ததிலும் தெரியவில்லை, மறுபடி கட்டப்பட்டது. தன் புருஷன் வாயை யாரோ மூன்று பேர் அவிழ்த்துக் கட்டினார்கள் என்று கேட்டபோதுதான் அடோபியா முதல் முறையாக அழுதாள். சத்தம் போட்டு இல்லை. லார்டே நிமிர்ந்து பார்த்து, அழுகைதான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு திரும்பக் குனிந்தார்.

அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். இறந்தவர் ஆலோசனையில் இருந்தபோது இறந்தார் என்று கையெழுத்துப் போட்டால், பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால், கழிப்பறைச் சுவரை ஒட்டி, இடைக்கால நிலத்தில் இடைக்காலமாகப் புதைக்கலாம். பிரமாணம் வந்த பிறகு, நிலையைப் பொறுத்து, எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அடோபியா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மகள் பக்கத்தில் இடம் இருக்கிறது, அது போதும் என்றாள். முனைவர் பெருமூச்சு விட்டு, கோப்பை மூடினார்.

பதினாலாவது மாதம் புதிய பிரமாணம் தயாரானது. அதை முதன்முதலாக அபோதோமிலேயே வெளியிடப் போவதாக அறிவிப்பு வந்தது. ஏன் இங்கே என்று யாருக்கும் விளங்கவில்லை. தோரணம் கட்டினார்கள், பாடகர் குழுவுக்குப் புது அங்கி வந்தது, மலையின் எல்லாச் சபைகளிலிருந்தும் மூப்பர்கள் வந்து நிறைந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று நின்றது. அடோபியா மூன்றாவது வரிசையில், செச்சிவாவுக்குப் பக்கத்தில் நின்றாள். வாசல் கதவுகளை உள்ளிருந்து தாழ் போட்டார்கள்.

முனைவர் அம்பொன்சா புதிய புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். கெட்டி அட்டை, பொன் எழுத்து, உள்ளே ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்.

“ஜே” என்று படித்தார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

சபை மிச்சத்துக்காகக் காத்திருந்தது. மிச்சம் இல்லை.

“இதான் நம்ம புதிய பிரமாணம். வாங்கிக்கறோம். எதை வாங்கிக்கறோம்னு சொல்லல, ஏன்னா சொன்னா யாருக்காவது மனசு புண்படும். ‘டி’யை எடுத்துட்டோம். நவீன மனுஷன் எதையும் அப்படியே முழுங்க மாட்டான். வாங்குவான், பார்ப்பான், பக்கத்துல வச்சுக்குவான். முழுங்கிட்டா அப்புறம் என்ன ஆலோசனை பண்றது? இனிமே ‘டி’ன்னு முடிக்கிறவங்க நம்மளவங்க இல்ல. நாங்க யாரையும் தள்ளி வைக்கல. அவங்களே முடிச்சுட்டுப் போயிடறாங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார். இந்தப் பிரமாணத்தை ஆணையம் எழுதுவதற்கு முன்பே, உயிரைக் கொடுத்து அறிக்கையிட்ட ஒரு மனிதர் இருக்கிறார். அவர் ‘ஜே’ என்றார், ‘டி’ என்று சொல்லாமல் போனார். புதிய விசுவாசத்தின் முதல் சாட்சி அவர்தான். லார்டே துணியை இழுத்தார். கறுப்புக் கல், அதில் ஒபிரியின் முகம், கீழே பெயர், வருஷம், ‘முடிக்காதவர்’ என்று ஒரு பட்டம். முதல் சாட்சியின் உடல் இனிச் சபை முழுமைக்கும் சொந்தம் என்றார் முனைவர். தலைமையக வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் வந்து அவர் வாயைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். வண்டி காலையிலேயே பிணவறைக்குப் போய்விட்டது.

சபை கை தட்டியது. தட்டாதவர்கள் யார் என்று லார்டே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் நன்றாகவே தட்டியது. பதினாலு மாதமாகப் புதைக்க விடாதவர்கள் இப்போது புதைக்கவே போவதில்லை. அடோபியாவுக்குக் காது அடைத்தது. கண்ணாடிப் பெட்டி, அதற்குள் அவர் வாய், அதைப் பார்க்க வரிசையில் நிற்கிற அந்நிய மனுஷர்கள். அமோவாவின் பக்கத்தில் காடு மண்டிக் கிடக்கும் இரண்டு இடம். ஒன்பதாவது விதியை அவள் மறக்கவில்லை. தன்னிடம் இருந்த அந்த ஒரே ஒன்றை மனசுக்குள் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். கயிறு நனையுது. பிறகு அதை விட்டாள்.

வரிசையை விட்டு வெளியே வந்து நடுவில் நின்றாள்.

“அவரு சொன்னாரு” என்றாள்.

கை தட்டல் நின்றது. முனைவர் சிரித்த முகத்தோடு, என்ன சொன்னார் அம்மா என்று கேட்டார்.

“என்னை யாரும் கேக்கல. பதினாலு மாசத்துல ஒரு தடவை கூட கேக்கல. அவரு தலை என் மடியில இருந்துச்சு. என் காதுல சொன்னாரு.” லார்டே பக்கம் திரும்பினாள். “டி. அதான் சொன்னாரு. வேற எதுவும் சொல்லல.”

பதினாலு மாதமாக அந்த ஆலயத்துக்குள் ஆணையத்தைத் தவிர யாரும் சத்தமாகச் சொல்லாத சொல் அது. கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் தன்னை அறியாமல் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். லார்டே எழுதத் தொடங்கினார்.

“மனைவியோட சாட்சி செல்லாதும்மா” என்றார் முனைவர், சிரிப்புக் குறையாமல்.

“நானும் கேட்டேன்” என்றாள் செச்சிவா. அன்றைக்கு அவள் ஊரிலேயே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடி நிற்க அவர்களுக்குப் பதினாலு மாதப் பயிற்சி இருந்தது.

முனைவர் பம்போவைப் பார்த்தார். பம்போ தரையைப் பார்த்தார். நல்ல மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதுவும் பாதிக் குரலில், “வாய் தொறந்துதான் இருந்துச்சு ஐயா. அதுக்கு முன்னால நாக்கு மேல ஒட்டின மாதிரியும் இருந்துச்சு” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆணையம் குசுகுசுவென்று பேசிக்கொண்டது. முதல் சாட்சி ‘டி’ சொல்லியிருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்கு அர்த்தமில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிவு சொன்னார்கள். அந்த ஆணையம் ஐந்து நிமிஷத்தில் எடுத்த ஒரே முடிவு அதுதான். ஒபிரி பழைய பிரமாணத்தை முடித்து இறந்தவர், ஆகவே நம்மவர் அல்லர், ஒன்பதாவது விதிப்படி குடும்பத்தார் எடுத்துக்கொள்ளலாம். கல்லை மறுபடி துணி போட்டு மூடினார்கள். வீணாகவில்லை, முகத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு வேறு முகம் போடலாம் என்று லார்டே சொன்னார். பிணவறையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமை ஒபிரியைப் புதைத்தார்கள். மணி கிடையாது, பாட்டு கிடையாது, ஜெபம் கிடையாது. லார்டே தோட்டத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் பெயரையும் வெளியே வருகிறவர்களின் உதட்டையும் குறித்துக்கொண்டார். பயந்தார்கள், இருந்தாலும் நிறையப் பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அடோபியாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவள் அமோவாவின் கல்லை ஈரத் துணியால் துடைத்தாள். பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் புல்லைக் கொஞ்சம் பிடுங்கினாள். மழை தூறத் தொடங்கியது. மணிக்கூண்டில் உடைந்த ஓட்டை இன்னும் யாரும் மாற்றிப் போடவில்லை. கயிறு இற்றுப் பாதியில் தொங்கியது. அவள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று இனி யாராவது கேட்டால் அவளே மாற்றிச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து, முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கென்கே உருண்டையை இலையிலிருந்து பிரித்தாள். பொரித்த மீன், அரைத்த மிளகாய். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் வாய் எடுப்பதற்குள் வெள்ளை வண்டி வந்து நின்றது. லார்டே இறங்கி ஒரு கடிதத்தை நீட்டினார். அவள் வலது கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

ஆலயத்துக்குள் பிரமாணம் அல்லாததைச் சத்தமாகச் சொன்ன காரணத்தால் அடோபியா நம்மவர் அல்லர். பழைய பிரமாணம் இப்போது இல்லாததால் அவள் பழையவர்களிலும் சேர்த்தி இல்லை. ஆகவே மகளின் கல்லறைக்கும் கணவரின் கல்லறைக்கும் அடுத்திருக்கும் இடம் ரத்து செய்யப்படுகிறது. அவள் இறந்தால் எங்கே வைப்பது என்பது குறித்து ஆணையம் ஆலோசனையில் இருக்கிறது.

அடோபியா முழுவதையும் படித்தாள். இப்படித்தான் வரும் என்று அந்த நடுவில் போய் நிற்கும்போதே அவளுக்குத் தெரியும். தாளை மடியில் விரித்து, நீவிவிட்டு, அதன்மேல் மீனை எடுத்து வைத்தாள். எண்ணெய் ஊறி, முத்திரை மங்கியது. ஒரு துண்டு கென்கேயைப் பிட்டு, மிளகாயில் தோய்த்து வாயில் போட்டாள்.

லார்டேயின் கண் பழக்கப்படி அவள் உதட்டுக்குப் போனது. உதடு அசைந்தது. நாக்கு மேலே ஒட்டியது, பல் மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. மெல்லுகிறாளா, சொல்லுகிறாளா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே அடுத்த வாயை எடுத்தாள், அதற்கடுத்த வாயையும் எடுத்தாள், அவசரமே படாமல்.

அவர் சுவரோரம் கிடந்த இன்னொரு முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி போட்டு, பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு, அவள் விழுங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.